ஏவலும் தப்பும்: தொடக்கப் பள்ளியில் நிரல் கற்பித்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

குழந்தைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றி நம்மிடையே இரண்டு சொல்லாடல்கள் புழங்குகின்றன. ஒன்று, 'ஆறு வயசுலயே கோடிங்' என்று கூவி விற்கிற பேச்சு. எதிர்காலம், திறன், போட்டி, வேலை என்கிற நான்கைந்து சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டப்பட்டது. மற்றது நம் தோழர்களுடையது. 'ஒண்ணுக்குப் போக இடமில்லாத பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் எதுக்குங்க? இதெல்லாம் கார்ப்பரேட் வேலை' என்பது. முதலாவதை நிராகரிப்பது எளிது. இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியாது, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு பேச்சுகளும் ஓரிடத்தில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்கின்றன. நிரலாக்கம் என்பது வேலைச் சந்தைக்கான ஒரு பண்டம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவர் விற்கிறார், மற்றவர் வாங்க மறுக்கிறார். பண்டம் பண்டமாகவே இருக்கிறது.

நான் சொல்ல வருவது வேறு. நிரல் என்பது முதலில் ஒரு மொழிச் செயல்பாடு. அதிலும் கட்டளையிடுகிற மொழிச் செயல்பாடு. யார் யாரை ஏவலாம், ஏவல் பிசகினால் பழி யார் தலையில் விழும் என்பதெல்லாம் நம் சமூகத்தில் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட பிரதி. வகுப்பறைக்குள் நிரல் நுழையும்போது அது வெற்றுத் தாளுக்குள் நுழைவதில்லை. இந்தப் பிரதியின் மேல்தான் வந்து உட்காருகிறது. இதைப் பார்க்காமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒன்றுதான்.

2

இந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு ஆமை இருக்கிறது. 1967இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் சீமோர் பேப்பர்ட்டும் வாலி ஃபியூர்சைக்கும் சிந்தியா சாலமனும் மற்றவர்களும் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்கிற நிரல்மொழியைச் செய்தார்கள். சில ஆண்டுகளில் தரையில் ஊரும் எந்திர ஆமை ஒன்று அதனோடு சேர்ந்தது. 'முன்னால் 50 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரம் போடும். வட்டம் எப்படிப் போடுவது என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லக்கூடாது. 'நீயே ஆமையா நடந்து பாரு' என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் போய்க் கொஞ்சம் திரும்பி, மறுபடி கொஞ்சம் போய்க் கொஞ்சம் திரும்பி நடக்கிற உடம்புக்கு வட்டம் புரிந்துவிடுகிறது. கணிதம் தலையில் தொடங்காமல் காலில் தொடங்குகிறது.

பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். இளமையில் நிறவெறிக்கு எதிராக இயங்கியவர். ஜெனீவாவில் பியாஜேயோடு சில ஆண்டுகள் வேலை செய்தவர். 1980இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலில் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி, கணினி குழந்தையை நிரல்படுத்தப்போகிறதா, குழந்தை கணினியை நிரல்படுத்தப்போகிறதா என்பது. 1980களின் பிற்பகுதியில் பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் அவரும் பள்ளிக்கூடத்தின் எதிர்காலம் பற்றி உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள். வங்கிமுறைக் கல்வியை எதிர்த்தவருக்கும் இவருக்கும் பேசிக்கொள்ள விஷயம் இருந்தது. 'கோடிங்' என்றவுடன் மூக்கைச் சுளிக்கிற நண்பர்கள் இந்த வம்சாவளியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

லோகோவின் உண்மையான கலகம் ஆமையில் இல்லை, பிழையைப் பார்க்கிற பார்வையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விடை சரி அல்லது தப்பு, நடுவில் ஒன்றும் கிடையாது. நிரலோ முதல் தடவையிலேயே சரியாக ஓடுவது அபூர்வம். எழுதுகிற எல்லோருக்கும் பிசகும். ஆகவே கேள்வி 'சரியா தப்பா' என்பதிலிருந்து 'எங்க பிசகுது' என்பதற்கு நகர்ந்துவிடுகிறது. பிழை தண்டனைக்குரிய பொருளாக இல்லாமல் வாசிப்புக்குரிய பொருளாகிறது.

தமிழில் இது இன்னும் ஆழமாகப் போகும். 'தப்பு செஞ்சவன்' என்றால் நமக்குக் குற்றவாளி. கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையும் அதே சொல்லுக்குள்தான் கைகட்டி நிற்கிறது. இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று உண்டு. மகிழ்ச்சி மிகுதியில் ஒருவன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் அது வழுதான், ஆனாலும் அமைத்துக்கொள்ளலாம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அதாவது பிழையை மன்னிக்கிற அதிகாரம் ஒரு தரப்பிடம் இருக்கிறது. யார் செய்தால் அமைதி, யார் செய்தால் பிரம்படி என்பது பிழையை வைத்துத் தீர்மானமாவதில்லை. தப்பு என்பது ஒரு தோற்கருவியின் பெயரும்கூட, அதை யார் அடிக்க வேண்டும் என்று ஊர் விதித்திருக்கிறது. தப்பு என்றால் தப்பித்துப் போ என்றும் பொருள். இந்த மூன்று பொருள்களும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன.

பேப்பர்ட்டிடம் எனக்குள்ள பிரச்சினை இங்கேதான் வருகிறது. அவர் சமூகத்தைப் பார்க்காதவர் அல்ல. பெரியவரும் சிறியவரும் கூடிக் கற்கும் இடத்துக்குப் பிரேசிலின் சம்பா பள்ளிகளை உதாரணம் காட்டியவர். ஆனால் ஆமைக்கும் குழந்தைக்கும் நடுவில் அவர் மூன்றாவது ஆளை நிறுத்தவில்லை. அவருடைய 'குழந்தை' பியாஜேயின் குழந்தை. அதற்கு வயது உண்டு, தெரு கிடையாது.

3

பிறகு அரசும் சந்தையும் ஆமையை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினிகள் அங்கே பள்ளிகளுக்குள் போயின. அவைதான் 1984-85இல் 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்தன. போகப் போகக் கணினிப் பாடம் என்றால் தட்டச்சு அடிப்பது, படவில்லை தயாரிப்பது என்று சுருங்கிப்போனது. 2011இல் எடின்பரோவில் கூகுளின் எரிக் ஷ்மிட், மென்பொருளைப் பயன்படுத்தத்தான் சொல்லித்தருகிறீர்கள், செய்யச் சொல்லித்தரவில்லை என்று இடித்துரைத்தார். 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டியின் அறிக்கை வந்தது. அதே மாதம் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்கும் படிநிலை, நிரல், வழுநீக்கம் என்பதெல்லாம் அரசுப் பாடத்திட்டம்.

பார்க்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழையை விடுவிக்க வந்த வழுநீக்கம் இப்போது பாடத்திட்டத்தின் ஓர் இலக்காகிவிட்டது. இத்தனாவது வயதுக்குள் பிள்ளை இதைச் செய்தாக வேண்டும். தப்பு செய்வதையும் சரியாகச் செய்தாக வேண்டிய நிலை. கலகத்தை எதிர்த்து அதிகாரம் எப்போதும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதில்லை. அதைப் பாடவேளையாக்கிவிட்டால் போதும். 2017இல் ராயல் சொசைட்டி மறுபடி பார்த்தபோது, பதினாறு வயதில் எழுதும் கணினியியல் தேர்வில் பெண்பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்குதான். கைவிடப்பட்ட பழைய பாடத்தில் அவர்களுடைய பங்கு இதைவிட அதிகம். 1946இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2013இல் கோட்.ஆர்க் தொடங்கியது. பில் கேட்ஸும் மார்க் சக்கர்பெர்க்கும் திரையில் வந்து எல்லாப் பிள்ளைகளும் நிரல் கற்க வேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'நிரல் மணிநேரம்' நடந்தது. 2024 பிப்ரவரியில் துபாயில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், இனி யாரும் நிரல் கற்க வேண்டிய தேவை இல்லாதபடி செய்வதுதான் எங்கள் வேலை என்கிற பொருளில் பேசினார். 2025இல் 'நிரல் மணிநேரம்' 'செயற்கை நுண்ணறிவு மணிநேரம்' ஆனது. எல்லோரும் படிங்க என்று சொன்னதும் ஒருத்தரும் படிக்க வேண்டாம் என்று சொல்வதும் ஒரே தொழில்துறைதான். பன்னிரண்டு வருஷத்துக்குள் பெருங்கதையாடல் ஒன்று தன்னைத்தானே திருப்பிப் போட்டுக்கொண்டது. நடுவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. 2018இல் தொடங்கிய ஒயிட்ஹேட் ஜூனியரை 2020 ஆகஸ்டில் 30 கோடி டாலருக்கு பைஜூஸ் வாங்கியது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட நடுத்தர வர்க்கத்தின் பயத்தின் மேல் விளம்பரங்கள் பொழிந்தன. அவற்றில் வுல்ஃப் குப்தா என்று ஒரு சிறுவன் வந்தான். நிரல் எழுதி, கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டவன். ஒரு விளம்பரத்தில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை. அப்படி ஒரு பிள்ளையே இல்லை, கற்பனைப் பாத்திரம். விளம்பரத் தரக் குழு தலையிட்டு அந்த ஆண்டே சில விளம்பரங்களை நீக்கச் சொன்னது. 2024இல் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. என்னை உறுத்துவது வேறொன்று. இல்லாத ஒரு பிள்ளையைப் புனையும்போதுகூட அவனுக்கு 'குப்தா' என்று ஒரு பின்னொட்டு தேவைப்பட்டிருக்கிறது. கற்பனைக்கும் சாதி இருக்கிறது.

4

2020இன் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து, நிரலாக்கச் செயல்பாடுகள் வரும் என்கிறது. அதே கொள்கை, அதே ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் போய் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் பழக வேண்டும் என்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டும் அழகாகத்தான் தெரிகின்றன. சேர்த்துப் படித்தால்?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தது இயக்கம். 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. கையால் வேலை செய்வதை இழிவென்று நினைத்து யாரும் அதை எதிர்க்கவில்லை. யாருடைய கை எந்த வேலைக்கு என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிற நாட்டில், பள்ளிக்கூடமும் அதற்கு ஒத்து ஊதக்கூடாது என்பதற்காகவே எதிர்த்தார்கள். இன்று கொள்கை எல்லாப் பிள்ளைக்கும் இரண்டையும் தருவதாகச் சொல்கிறது. ஆனால் கணினி இருக்கிற பள்ளியில் பத்து நாள் குயவரோடு இருப்பது சுற்றுலா. கணினி இல்லாத பள்ளியில் அதுவேதான் மிச்சமிருக்கும் பாடம். ஆகவே நிரலாக்கத்தை 'நமக்கு வேண்டாம்' என்று சொல்லும் தோழர்கள், சொல்லாமலே இந்தப் பங்கீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஏவுகிற மொழியை ஒரு தரப்பு மட்டும் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் விளைவு.

5

நான் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புக்கு இதைக் கணினி இல்லாமல் நடத்தியிருக்கிறேன். நியூசிலாந்தின் டிம் பெல்லும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களிலிருந்தே கணினி இல்லாக் கணினிப் பாடங்களைச் செய்து காட்டியவர்கள். அதற்குச் செலவு ஒரு சாக்கட்டிதான். தரையில் கட்டம் போட வேண்டும். ஒரு பிள்ளை எந்திரம், ஒரு பிள்ளை ஏவுபவர். 'முன்னாடி மூணு, வலது திரும்பு, முன்னாடி ரெண்டு.' சொன்னதை மட்டும்தான் எந்திரம் செய்யும். சுவர் வந்தாலும் நிற்காது, 'நில்லு' என்று சொன்னால்தான் நிற்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு முட்டிக்கொண்டவனைப் பார்த்து வராது, தப்பாகச் சொன்னவனைப் பார்த்து வரும். இந்த இடமாற்றம் முக்கியம்.

ஆனால் மூன்றாவது நாள் கவனித்தேன். யாரும் சொல்லாமலே ஊர்ப் பிள்ளைகள் ஏவுபவர்களாகவும் காலனிப் பிள்ளைகள் எந்திரமாகவும் ஆகிக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளில் பலர் கட்டத்துக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆமையாக நிற்பது காலனிப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை போலும். முறை வைத்து மாற்றினேன். ஒரு காலனிப் பையன் 'திரும்பு' என்று சொன்னதும் எதிரே நின்றவன் அசையவில்லை. 'திரும்புங்கன்னு சொல்லுடா' என்றான். ஒரு வாரத்தில் தகப்பனார் ஒருவர் வந்தார். குரலை உயர்த்தவில்லை. 'சார், எம்புள்ளைய அவன் சொன்னா திரும்புற ஆளா ஆக்கிட்டீங்களே, இது நல்லாருக்கா?' என்று கேட்டார். 'நாளைக்கு உங்க புள்ள சொல்வான், அவன் திரும்புவான்ங்க. முறைதானே' என்றேன். 'அது சரி, அது எப்பவும் உள்ளதுதானே' என்றார்.

இந்தப் பதிலுக்குள் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலத்தின் கட்டளை வினைக்கு எதிராளியின் தகுதி தெரியாது. தமிழின் ஏவல் வினைக்குத் தெரியும். திரும்பு, திரும்புங்க என்று பிரிந்து நிற்கிறது. ஏவல் என்றாலே நமக்கு ஊழியம் என்றும் பொருள், ஏவி விடுகிற சூனியம் என்றும் பொருள். எந்திரத்திடம் ஒருமையில் பேசுவது இயல்பு என்று தோன்றுவதற்கு, மனிதர்களில் ஒரு பகுதியினரிடம் காலங்காலமாக ஒருமையில் பேசிப் பழகியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை நான் நிறுத்தவில்லை. ஒரு விதியை மட்டும் சேர்த்தேன். ஏவியவரே அடுத்த ஆட்டத்தில் எந்திரம். இந்த வரிசையை யாரும் மீறக்கூடாது, விதி எனக்கும் பொருந்தும். நான் எந்திரமாக நின்று கரும்பலகையில் முட்டிக்கொண்ட நாளில் காலனிப் பெண்பிள்ளை ஒருத்தி, 'சார் மேல தப்பில்ல, நான் சொன்ன ரெண்டாவது வரியிலதான் பிசகு' என்றாள். பிழையைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டாள், ஆனால் தலைகுனியவில்லை. இந்த நிலையைத்தான் நம் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளைக்கு இதுவரை தந்ததில்லை.

6

அடுத்து மொழி. நிரல்மொழிகளின் சொற்கள் ஆங்கிலம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை, வாக்கிய அடுக்கும் ஆங்கிலம். 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் 'ஆனால்' என்று எழுத வேண்டும். 'வயது பதினெட்டுக்கு மேல் ஆனால்' என்று நாம் பேசுகிற வரிசையே அது. பொருந்தாவிட்டால் 'இல்லை'. தொகுதி முடிந்தால் 'முடி'. திரையில் காட்ட 'பதிப்பி'. பிள்ளை தன் வாயில் புழங்கும் வரிசையிலேயே யோசிக்க முடிகிறது. இதை மொழிப் பெருமையாக நான் சொல்லவில்லை. தாய்மொழியில் இருந்தால்தான் நிரல் என்பது யாரோ ஒருவர் சொன்ன வாக்கியம் என்று தெரியும். அந்நிய மொழியில் இருந்தால் அது மந்திரம்.

பெருமைப் பேச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் 1974இல் புள்ளிக்கோலங்களை வரிசை இலக்கணங்களாக ஆராய்ந்து எழுதினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 'நம்ம பாட்டிங்க எல்லாம் அப்பவே புரோகிராமர்ஸ்' என்று மேடையில் சொல்வது வேறு வேலை. கோலம் போட்ட கைக்குக் கணக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு ஏன் மூடியிருந்தது என்கிற கேள்வியை அந்தப் பெருமை அழித்துவிடுகிறது. கோலத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். வாசல் யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

7

சரி, இதெல்லாம் எதுக்கு? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிற காலத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஏன் இதில் மெனக்கெட வேண்டும்? வேலைக்காக என்றால் தேவையில்லைதான். அந்த வாக்குறுதி எப்போதுமே பொய்.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டிருந்தது, மாதக்கணக்கில் அரிசி இல்லை, பசியால் செத்தாள் என்றது குடும்பம். நோயால் செத்தாள் என்றது அரசு. 11 வயது என்றால் கொள்கை சொல்கிற நிரலாக்க வயதுதான். 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு செல்பேசிச் செயலி வழியாகத்தான் என்று கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறாததால் கூலி போயிற்று என்று பல மாநிலங்களிலிருந்து புகார் வந்தது. ரேஷன் கடையில் ரேகை பொருந்தாத கிழவியிடம் 'மிஷின் ஏத்துக்கலம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். சொல்பவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மிஷினுக்கு ஏற்றுக்கொள்ளவும் மறுக்கவும் தெரியாது. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் ஒருவர் 'ஆனால்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், 'இல்லை' என்று இன்னொரு வரி எழுதியிருக்கிறார். ரேகை தேய்ந்துபோன கை அந்த இரண்டாவது வரிக்குப் போகிறது. அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது ஒரு முடிவு, அதற்குப் பொறுப்பாளிகள் உண்டு.

விதியைத் தலையெழுத்து என்று நம்பவைத்தார்கள். அது மனிதர் எழுதிய எழுத்து என்று சொல்லத்தான் ஓர் இயக்கமே தேவைப்பட்டது. இன்று விதி எந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் தலையெழுத்தாக வேஷம் போடுகிறது. கட்டத்தில் ஒரு தடவை ஏவிப் பார்த்த பிள்ளை, ஒரு தடவை எந்திரமாக நின்று பார்த்த பிள்ளை, 'மிஷின் ஏத்துக்கல' என்கிற வாக்கியத்தை அப்படியே விழுங்காது. 'அதுக்கு யாரு அப்படிச் சொல்லிக்கொடுத்தது? எந்த வரியில?' என்று கேட்கும். நிரல் கற்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் இதுதான். எழுதக் கற்பது, நம்மேல் எழுதப்பட்டிருப்பதை வாசிக்க.

ஆகவே நம் கோரிக்கைகள் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொடக்கப் பள்ளியில் நிரல் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், நிறுவனங்களின் பொட்டலமாக வேண்டாம். முதலில் உடம்பால், தரையில், பிறகு எந்திரத்தில். தமிழில். மதிப்பெண் இல்லாமல், ஏனெனில் மதிப்பெண் வந்த மறுநாளே பிழை பழையபடி குற்றமாகிவிடும். ஏவுகிறவர் எந்திரமாகவும் நின்றே ஆக வேண்டும் என்கிற சுழற்சியோடு. ஒன்றுக்குப் போக இடம் வேண்டும் என்பதையும் விடாமல், இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள் இல்லை என்பதால்.

இவை முடிந்த முடிவுகள் அல்ல. வகுப்பறையில் இருக்கும் தோழர்கள் தங்கள் கட்டங்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து எழுத வேண்டும். குறிப்பாக, ஏவ மறுத்த பிள்ளைகளைப் பற்றி. அப்படி இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். 'நான் யாரையும் சொல்ல மாட்டேன், கூட நடந்து காட்டுறேன்' என்றாள் ஒருத்தி. அவளுடைய இந்த வாக்கியத்தை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.